முதுகு

அலமாரியைக் காலி பண்ணி வையுங்க என்று
போனிலேயே சொல்லிவிடுவேன்.
யாரும் பண்ணுவதில்லை.
டிரில்லையும் மருந்துக் கேனையும் வாசலில் வைத்துவிட்டு
நானே இறக்குவேன்.

பெருமாள்புரத்தில் கோமதிநாயகம் வீட்டில்
சிவப்புத் தோல், பொன்னெழுத்து,
நாற்பத்தேழு தொகுதி தீர்ப்புகள்.
மாமனார்தான் வக்கீல். இவருக்கு
மனை வாங்கி விற்கும் தொழில்.
வருகிறவர்கள் அந்தச் சிவப்பைப் பார்த்தே
முன்பணத்தை எடுத்து வைத்துவிடுவார்களாம்.

டவுனில் ஒரு வீட்டில்
தவணையில் வாங்கிய கலைக்களஞ்சியம்
இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள்.
கடைசித் தவணை ரசீது
உறைக்கு வெளியே, செல்லோடேப் போட்டு.

என்.ஜி.ஓ. காலனிப் புதுவீட்டில்
நிறம் பார்த்து அடுக்கியிருந்தார்கள்.
நீலம் முடிந்து பச்சை.
பச்சை பற்றாமல் நடுவில்
ஒரு உரக்கம்பெனி டைரி.

மேலப்பாளையத்தில் பீர் முகைதீன்
உச்சித் தட்டைக் காட்டி,
"அத நான் எறக்குதேன், நீரு கீழ பாரும்" என்றார்.
ஒளு செய்துவிட்டு வந்து
பச்சைத் துணிப் பொதியை நெஞ்சோடு அணைத்து
அடுத்த அறைக்குக் கொண்டுபோனார்.
கீழே பீடிக் கணக்கு நோட்டுகள்.
அவற்றை நான் தொடலாம்.

எல்லா வீட்டிலும் ஒரு சிரிப்பு உண்டு:
"நம்ம வீட்ல படிக்கது கரையான் மட்டுந்தான்வே."
நானும் சிரிப்பேன். பதினாறு வருசமாக.

அது படிக்காது.
அதற்கு வேண்டியது இருட்டு, கொஞ்சம் ஈரம்,
யாரும் தொந்தரவு பண்ணாத நாள்கள்.
கை போய்வரும் இடத்துக்கு வராது.
ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் நான்.
உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது.
எது எடுக்கப்பட்டது, எது சும்மா நின்றது என்று
சுவரோரம் டார்ச் அடித்தால் சொல்லிவிடுவேன்.
சொன்னதில்லை. தொழில் போய்விடும்.

முருகன்குறிச்சியில் ஞானசெல்வம் டீச்சர் வீடு.
இரண்டு சுவர் நிறைய,
சாருவாள் கண்காட்சிக்குக் கண்காட்சி வாங்கிச் சேர்த்தது.
முன்னால் நின்று பார்த்தால் ஒரு குறை இல்லை.
ஒன்றை இழுத்தேன்.
முதுகு மட்டும் கையோடு வந்தது.
பின்னால் மண்.
அடுத்ததை இழுத்தேன். மண்.
தலைப்பு மட்டும் பளபளவென்று இருந்தது.

டீச்சர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
மாடியில் அவர் இருமுவது கேட்டது.
"நாளைக்கு நாசரேத்துலருந்து
எஸ்தரப் பாக்க வாராங்க.
முதுகு நல்லாத்தான இருக்கு?"
"இருக்கு டீச்சர்."
"அப்பம் அப்படியே நிறுத்திருங்க.
அவங்களுக்கும் இப்பம் தெரிய வேண்டாம்."
சொல்லும்போது கண் மாடிப்படியில் இருந்தது.

ராத்திரி பத்தரை வரைக்கும்
மண்ணை அள்ளினோம், மருந்து அடித்தோம்,
தெர்மாகோல் வெட்டிப் பசை தடவி
முதுகுகளை ஒட்டி ஒட்டி நிறுத்தினோம்.
கல்யாணப்பெண் ஒருதரம் எட்டிப் பார்த்து
"முன்னவிட நேரா நிக்குதும்மா" என்றாள்.

மூன்றாம் தட்டின் ஓரத்தில் ஒன்று
கனமாக, முழுசாக வந்தது.
அட்டை கிடையாது. தலைப்பு கிடையாது.
வாரப்பத்திரிகைத் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து
கோணி ஊசியால் தைத்தது.
விளிம்பெல்லாம் எண்ணெய்க் கை.
பாதிக்கு மேல் ஓரிடத்தில்
அடையாளத்துக்கு ஒரு கறிவேப்பிலைக் காம்பு,
இன்னும் முழுசாகக் காயவில்லை.

"அதக் குடுங்க" என்றார் டீச்சர்,
"அது இங்க வேண்டாம். பாக்க நல்லாருக்காது."
முந்தானைக்குள் வைத்துக்கொண்டு
அடுக்களைக்குப் போனார்.

தட்டில் இரண்டு விரல் இடைவெளி விழுந்தது.
மீந்த தெர்மாகோலில் ஒரு துண்டு வெட்டிச் செருகி
மேலே ரெக்சின் தாள் ஒட்டினேன்.

கேரண்டி கார்டில் ஐந்து வருடம் என்று போட்டேன்.
எந்தப் பொருளுக்கு என்று ஒரு கட்டம் இருக்கிறது.
பேனாவை அதன்மேல் வைத்தபடி
கொஞ்சம் நின்றுவிட்டு
'மரச்சட்டம்' என்று எழுதினேன்.