ஓர் ஆணி

குன்னூர் ஏலக்கூடத்துக்குப் பின்தெருவில்
எங்கள் தேயிலைத் தரகு அலுவலகம்.
மூன்று மேசை, ருசி பார்க்கும் பலகை,
துப்புவதற்கு ஒரு பித்தளைக் கலம்,
சுண்ணாம்பு உதிரும் வடக்குச் சுவர்.
அந்தச் சுவருக்குத்தான் வந்திருந்தது
ஜப்பானிலிருந்து ஒரு நீளப் பெட்டி.

உள்ளே நான்கு சுருள்.
பட்டு ஓரம், கட்டுவதற்கு நாடா, அடியில் உருளைக் கட்டை.
மேலே நிஷிகாவாவின் கடிதம்:
ஒன்றை மட்டும் தொங்கவிடுங்கள்.
பருவம் போனதும் சுருட்டிவிட்டு
அடுத்ததை எடுங்கள்.
வரும் முன்னே பார்த்துவிட வேண்டாம்.

போஜன் ஆணி அடித்தான்.
அடித்த பிறகு கேட்டான்:
இப்போ என்ன பருவம்க்கா?

காலண்டரில் ஆடி.
ஜன்னலில் எதிர்க்கடை தெரியாத மூடுபனி.
பரீட்சைக்குப் படித்த கார், கூதிர்
ஆறையும் விரல்விட்டுப் பார்த்தேன்,
ஒன்றும் ஒத்துவரவில்லை.
"ஜூலை. கோடைன்னு எழுதியிருக்கும், பார்"
என்றார் கைலாசம் சார்
ஸ்வெட்டரின் கழுத்துப் பொத்தானைப் போட்டபடி.

கோடையில் ஓர் அருவி, ஒரு மீன்கொத்தி,
மீதியெல்லாம் வெறுந்தாள்.
எங்கள் ஊர் ஈரம் அந்த வெறுமையைச் சும்மா விடவில்லை.
ஆவணி முடிவதற்குள்
பழுப்புப் பூஞ்சை புள்ளி புள்ளியாய்
மேலிருந்து கீழாக இறங்கியிருந்தது.
போஜன் துணியோடு வந்தான்.
விடுடா, என்றேன்.
மழையை விட்டுவிட்டு வரைந்திருக்கிறார்கள்.
நம் சுவர் சேர்த்துக்கொண்டது.

ஐப்பசியில் இலையுதிர்காலம்.
சிவந்த இலைகள், ஒரு கிளை, ஓடை.
வெளியே இலை ஏதும் உதிரவில்லை.
பர்லியாருக்கு மேலே மலை உதிர்ந்தது.
மூன்று நாள் லாரி இல்லை,
நாற்பத்தேழு மூட்டை ஏலத்துக்கு வரவில்லை.

தை பிறந்ததும் பனி.
கூரைமேல், பாலத்தின்மேல்,
குடை பிடித்துப் போகிற ஒருவன்மேல்.
கைலாசம் சார் நாற்காலியைத் திருப்பிப் போட்டு
தேநீர் ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.
மறுநாள் விடியலில் கேத்தியிலிருந்து போன்.
உறைபனி. பள்ளத்துத் தோட்டம் முழுக்க.
விடியும்போது வெள்ளை,
எட்டு மணி வெயிலில் கறுப்பு,
தீயிட்டதைப் போல.
அவரே ஸ்டூல் போட்டு ஏறினார்.
அவரே சுருட்டினார்.
"எட்டு மணியை யாரும் வரையறதில்ல"
என்றார், எங்களிடம் அல்ல.

மாசி முழுக்க ஆணி மட்டும்.
யாரோ அதில் பஸ் அட்டவணையை மாட்டினார்கள்.

பங்குனியில் கணக்கு சரிபார்க்கக் கோத்தகிரி போனேன்.
வளைவு திரும்பியதும்
சோலைக்காடு செக்கச்செவேலென்று.
பூ என்றுதான் நினைத்தேன்.
இறங்கி ஒன்றைக் கிள்ளினேன்,
தளிர்.
இன்னும் பச்சை ஏறாத,
விரலில் பிசுபிசுக்கிற,
ஒரு வாரம்கூட ஆகாத இலை.

வந்ததும் இலையுதிர்காலத்தை எடுத்து மாட்டினேன்.
"அது அப்பவே முடிஞ்சுதே" என்றான் போஜன்.
தளிரை அவன் கையில் கொடுத்தேன்.
சுருளுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான்,
தள்ளிப் பிடித்துப் பார்த்தான்,
பிறகு அதைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
பஸ் அட்டவணைக்கு வேறு ஆணி தேடிப் போனான்.

இன்று நிஷிகாவாவுக்கு எழுதினேன்.
இந்த வார விலை, மாதிரிப் பொட்டலத்தின் எடை,
உறைபனி நஷ்டம்.
அடியில் ஒரு வரி:
வசந்தத்தின் நாடாவை இன்னும் அவிழ்க்கவில்லை.
எந்த மாதம் என்று
இங்கே யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை.