ரொஹானாவின் கை

பகலெல்லாம் தூங்குகிறாள்.
பிசியோ பையன் தோளைத் தட்டினாலும்
கஞ்சிக் கரண்டி உதட்டைத் தொட்டாலும்
பலகை சாத்திய கடை மாதிரிக் கிடக்கிறாள்.
இரவு பத்தே முக்காலுக்குக் கண் திறக்கிறது.
சரியாகப் பத்தே முக்கால்.
பாயான் லெப்பாஸ் பஸ் எங்கள் பிளாட்டுக்குக் கீழே
ஹாரன் அடித்த நேரம்.

மூளையில் வலப்பக்கம் ஒரு குழாய் அடைத்துக்கொண்டதாகப்
படம் போட்டுக் காட்டினார்கள்.
இருபத்தாறு வருடம் இரவில் விழித்த உடம்பிடம்
அதை யாரும் சொல்லவில்லை போலும்.
ஷிப்டுக்குக் கிளம்பிவிடுகிறது.

பெண்கள் வார்டு, ஆண் தங்கக் கூடாது.
முதல் ராத்திரி டியூபைப் பிடுங்கி எறிந்தவள்
என் குரலுக்கு அடங்குகிறாள் என்பதால்
மிஸ்ஸி ஹெலன் கண்டும் காணாமல்
ஒரு நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போனாள்.

நல்ல கையால் போர்வையில் எதையோ பொறுக்குகிறாள்.
கண்ணருகே தூக்கி, திருப்பி,
"ரிஜெக்ட்" என்கிறாள்.
அடுத்தது. "ரிஜெக்ட்."
குனிந்து பார்த்தேன்.
மயிரிழைத் தங்கக் கம்பி ஒன்றும் இல்லை,
பிஸ்கட் தூள் இருந்தது.

இடது கை அவளுடையது இல்லையாம்.
"ரொஹானாவோடது. அசந்துட்டா பாவம்,
நோன்பு மாசம் பாருங்க."
லைன் லீடர் வருவதற்குள்
போர்வையை இழுத்து அதை மூடிவிடுகிறாள்.

டாக்டர் அஸ்லினா சொல்லியிருந்தார்:
ஒத்துப் பேசாதீர்கள், சண்டையும் பிடிக்காதீர்கள்.
மூக்குக் கண்ணாடியைப் போட்டுவிடுங்கள்.
கடிகாரம் கண்ணில் படட்டும்.
இது எந்த இடம், என்ன கிழமை, நீங்கள் யார்,
மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருங்கள்.
கலக்கம் தெளியும். சிலருக்கு நாளாகும்.

மூன்று இரவு சொன்னேன்.
பூங்காவனம், இது பினாங்கு பெரிய ஆஸ்பத்திரி.
இன்றைக்கு வியாழன்.
நான் உன் புருஷன்.
ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்து
ரிஜெக்ட் என்றாள்.

நாலாவது இரவு.
எதிர்க்கட்டில் அம்மாள் ஹொக்கியனில் யாரையோ
திட்டி ஓய்ந்திருந்தார்.
இவள் என் சட்டைக் காலரைப் பார்த்தாள்.
குரல் மாறியது,
கட்டிய நாளிலிருந்து என்னிடம் பேசாத குரல்.

"என்சிக், ரெண்டு மணி நேரம் மட்டும் விடுங்க.
பிள்ளைக்கு நாப்பது டிகிரி காய்ச்சல்.
வீட்டுல அவர் இருக்கார்தான்.
தூங்கினா எழும்பத் தெரியாது அவருக்கு."

அந்த அவர் நான்.

நவநீதனுக்கு முப்பத்து நாலு வயது.
ஜொகூரிலிருந்து காலையில் வீடியோவில் அழுதான்.
அந்தக் காய்ச்சல் எனக்கு நினைவில்லை.
இவள் கேட்டது தெரியாது. அவர்கள் மறுத்தது தெரியாது.
விடிந்து வந்து, செருப்பைக் கழற்றி,
என்னைத் தாண்டிப் போய்ப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டிருப்பாள்.
நான் கோப்பி கேட்டிருப்பேன்.

கடிகாரம் இரண்டு இருபது.
டாக்டர் சொன்னது நினைவிருந்தது.
"பாலிக்லா" என்றேன், மலாயில், அவள் நம்புவதற்காக.
"வீட்டுக்குப் போம்மா. திரும்பி வர வேண்டாம்.
கார்டை நானே பஞ்ச் பண்ணிக்கிறேன்."

"சம்பளம் வெட்டுவீங்களா?"
"மாட்டோம்."
கொஞ்சம் யோசித்தாள்.
"ரொஹானா?"
"அவளும் தூங்கட்டும்."

பாதி வாய் சிரித்தது.
மறுபாதிக்குச் செய்தி போய்ச் சேரவில்லை.
அப்புறம் அந்த மூச்சு. பகல் தூக்கத்தில் வராத,
கடைசி வரை இறங்கிப் போகும் மூச்சு.

மிஸ்ஸியிடம் சொன்னேன். ஏசுவாள் என்றிருந்தேன்.
சார்ட்டில் தூங்கிய நேரத்தை எழுதிவிட்டு,
"உங்களுக்கு மைலோ வேணுமா, அங்கிள்?" என்றாள்.

பாங்கு ஒலித்து அடங்கியது.
கீழே மெக்காலிஸ்டர் ரோட்டில் ஒரு கம்பெனி பஸ்,
உள்ளே விளக்கு எரிய,
கண்ணாடியில் சாய்ந்த தலைகளோடு போயிற்று.

போர்வைக்குள் கை விட்டு அந்தக் கையைத் தேடினேன்.
குளிர்ந்திருந்தது.
மோதிரம் கழற்றிய விரலில்
வெளுத்த தடம்.
எழுப்பவில்லை.