ரேகை பொருந்தவில்லை

ராயக்கோட்டையிலிருந்து ஒட்டையனூருக்கு
பஸ் ஓடாத ஏப்ரல்.
ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் பணப்பை,
தோளில் கைரேகை மிஷின்,
போலீஸ் மறித்தால் காட்ட வங்கி கொடுத்த தாள்.
அதில் என்னை
திரு. நாகரத்னா என்று அச்சடித்திருந்தார்கள்.
யாரும் கேட்கவில்லை. முகத்தில்தான் துணி இருந்ததே.

பால் சொசைட்டி வாசலில் சுண்ணாம்பு வட்டங்கள்,
வட்டத்துக்கு ஒரு ஆள்.
தண்ணி பாய்ச்சப் போனவர்களின் வட்டத்தில் செருப்பு.
ஒன்றில் பாஸ்புக், அது பறக்காமல் ஒரு கல்.
நோய்க்காலம் என்று விவசாயிக்கு முன்கூட்டியே
ரெண்டாயிரம் போட்டிருக்கிறார்களாம்.
'மெசேஜ் வந்திருச்சு' என்றார்கள் சிலர்.
வராதவர்களும் வந்து நின்றார்கள்.

முதலில் தீர்த்தகிரி.
பத்து விரலிலும் தக்காளிச் செடியின் பிசின்,
பச்சையில் தொடங்கிக் கறுத்துப்போன கறை,
நகக்கண்ணில் தார் மாதிரி.
வலது கட்டைவிரல். சிவப்பு விளக்கு.
ஆள்காட்டி. சிவப்பு.
இடது கையிலும் ஒவ்வொன்றாக வைத்தோம்.
திரையில் வருவதைத் தமிழில் சொல்வது என் வேலை:
பொருந்தவில்லைங்க.
அவர் என்னைப் பார்க்கவில்லை.
மிஷினைப் பார்த்து,
'என் கைதாங்க இது' என்றார்.

மூன்றாம் வட்டத்திலிருந்து கெம்பம்மா
கோட்டைத் தாண்டாமல் கத்தினாள்:
'சோப்புக்கெல்லாம் போவாது, பழத்தை நசுக்கித் தேய்ணா!'

சாலைக்கு அந்தப் பக்கம் கிடந்தது பழம்.
மண்டியில் இறக்காமல் திருப்பி அனுப்பிய லோடு.
கிரேடு முப்பதுக்கும் கேட்க ஆளில்லை,
பறிகூலி அதற்கு மேலே.
மாடுகளும் தின்று சலித்து
ஓரமாகப் படுத்திருந்தன.
தீர்த்தகிரி குனிந்து ஒன்றை எடுத்தார்,
அமுக்கிப் பார்த்தார், போட்டார்,
வேறொன்று எடுத்தார்.
குப்பையிலும் நல்லதாகப் பொறுக்குகிற கை.

உள்ளங்கையில் பிழிந்து தேய்க்கத் தேய்க்க
மஞ்சளாக நுரைத்து இறங்கியது பச்சை.
சொசைட்டிக் குழாயில் கழுவி, பனியனில் துடைத்து,
கட்டைவிரலை வைத்தார்.
பச்சை விளக்கு.
வரிசையே 'ஆ' என்றது, ஏதோ சிக்ஸர் அடித்தமாதிரி.

ரெண்டாயிரம் வந்திருந்தது.
வந்த அன்றைக்கே ஐந்நூற்றுத் தொண்ணூறு பிடித்திருந்தது.
எதற்கென்று மிஷினுக்குத் தெரியாது. எனக்கும்.
'நாத்துக்காரனுக்குத்தான் போவுது' என்றார்,
நான் நீட்டிய சானிடைசரை வேண்டாமென்று.

அதற்குப் பிறகு எல்லோரும்
சாலையைக் கடந்து கை கழுவி வந்தார்கள்.
சுண்ணாம்பு வட்டங்கள் சிவந்து கலங்கின.
ஈ மொய்த்தது. வேலை வேகமாக நடந்தது.

கடைசி வட்டத்தில் சின்னபையன்.
ரெண்டு ஏக்கர் ஓட்டுகிறான், தக்காளியும் பீன்ஸும்.
பட்டா பெங்களூரில் இருக்கிறது,
பட்டாக்காரரும் அங்கேதான்.
அவருக்கு வந்திருக்கும்.
வந்ததா என்று இவன் கேட்டதில்லை,
அவரும் சொன்னதில்லை,
குத்தகையை மட்டும் தள்ளிவைத்தாரா என்றால்
அதுவும் இல்லை.
'கொரோனான்றாங்களே, எங்களுக்கும் ஏதாச்சும்...
சும்மா இருக்கான்னு மட்டும் பாருங்க.'
வீட்டிலேயே கழுவிக்கொண்டு வந்திருந்தான்.
நகக்கண்ணில்கூடக் கறையில்லை,
பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி.
முதல் தடவையிலேயே பச்சை விளக்கு.
அன்று முழுக்க அவ்வளவு சுத்தமாக
ஒரு ரேகையும் விழவில்லை.
மீதி: நூற்றுப் பதினான்கு.

சீட்டு வேண்டுமா என்றேன்.
கொடுங்க என்று வாங்கி,
நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.
மீதி பார்ப்பதற்கு எனக்குக் கமிஷன் கிடையாது.

கிளம்பும்போது ஸ்கூட்டியில் ஒரு பை தொங்கியது.
யார் மாட்டியதென்று தெரியவில்லை.
ஆறு கிலோ இருக்கும்,
எல்லாம் அமுக்கிப் பார்த்துப் பொறுக்கியது.

ராத்திரி மிஷினின் கண்ணாடியைப்
பஞ்சால் துடைத்தேன்.
முதல் பஞ்சு பச்சையாக வந்தது.
இரண்டாவதும்.