நீர்மட்டம்

நாலாம் நாள்,
கிட்டங்கித் தாம்போதியில் தார் தெரிகிறது என்றார்கள்.
பள்ளிக்கூடத்திலிருந்து வீடு திரும்பினோம்.
கதவைத் தள்ளினேன்,
சேறு உள்ளிருந்து என்னைத் தள்ளியது.
சுவரில் தண்ணீர் கீறிய கோடு
றாக்கையின் நடுத்தட்டுக்கு நாலு விரற்கடை மேலே.

கீழ்த்தட்டில் இருபத்திரண்டு, விளாம்பழ ஜாம்.
நடுவில் பத்தொன்பது, மாங்காய்ச் சட்னி.
மேலே ஒன்பது தேசிக்காய்.
ஒன்றும் உடையவில்லை.
உடைந்திருந்தால் கூட்டி அள்ளியிருப்பேன்,
அதோடு போயிருக்கும்.
இதுகளோ
சேற்றைப் பூசிக்கொண்டு,
மூடி இறுகி,
உள்ளே பொன்னிறமாய்
என்னைப் பார்த்தபடி நின்றன.

லேபிள்கள் எல்லாம் உரிந்துவிட்டன.

ஜீவகரன் ஒன்றை எடுத்துச் சாரத்தில் துடைத்தார்.
வெளிச்சத்துக்குப் பிடித்தார்.
"மூடி அசையல்ல. சவுக்காரம் போட்டுக் கழுவினாச் சரி.
ஆருக்குத் தெரியப்போகுது?"

எனக்கும் தெரியாது.
அதுதான்.

மாடு செத்து மிதந்த தண்ணீர்,
மலசலகூடக் குழி நிரம்பிக் கலந்த தண்ணீர்,
வயலுக்கு அடித்த மருந்தைக் கழுவி வந்த தண்ணீர்
மூடியின் விளிம்புக்குக் கீழே
ஒரு மயிரிழை இடம் கிடைத்ததா என்று
போத்தல் சொல்லாது.
கெட்டுப்போனது எல்லாம் நாறும் என்றும் இல்லை.

"நடுத்தட்டில அடி மட்டும்தானே நனைஞ்சது" என்றார் மறுகா.
ஒழுங்கையால் ட்ரக்டர் போன ஒவ்வொரு முறையும்
அலை வீட்டுக்குள் ஏறியிருக்கும்.
கோடு நின்ற தண்ணீரின் உயரம்.
துள்ளிய தண்ணீருக்கு ஏது கோடு?

"விசராகா உனக்கு? நாப்பத்தொண்டு!"

விலையை நானும் பெருக்கிப் பார்த்தேன்.
சீனி மட்டுமே எவ்வளவு.
அடுப்பிலிருந்து இறக்கிய இரவுகளில்
ஆறும் மூடிகள் ஒவ்வொன்றாய் டொக், டொக் என்று
உள்வாங்குவதை எண்ணிவிட்டுத்தான் படுப்பேன்.

அப்போதுதான் குதிக்காலில் ஏதோ ஒட்டியது.
உரித்தேன்.
என் லேபிள்.
மை கலைந்து, திகதி போய்,
மிச்சமிருந்தது ஒரு வரி:
தயாரிப்பு, ஜீ. தயாழினி.

முருங்கைக்குப் பின்னால் ஆழமாய் வெட்டச் சொன்னேன்.
கதைக்காமல் வெட்டினார்.
கையுறை போட்டு ஒவ்வொன்றாய்த் திறந்தேன்.
சில மூடிகள் டொக் என்று நல்லபடியாகவே திறந்தன.
அந்தச் சத்தத்துக்கு மட்டும்
கை கொஞ்சம் நின்றது.
நாய் மோந்துவிடும் என்று உடனே மண் தள்ளினோம்.

மறுகா கழுவல்.
முதலில் சேறு போக, பிறகு சவுக்காரம்,
பிறகு குளோரின் தண்ணீர், பிறகு கொதி.
அவசரத்தில் குளிர்ந்த போத்தலைக் கொதியில் இறக்கினேன்.
ஒன்று அடியோடு கழன்றது.
மிச்சத்தின் வாயை விரலால் தடவிப் பார்த்ததில்
இரண்டுக்குச் சொண்டு உடைவு.
அவை மகளின் பென்சிலுக்கு.
துருவேறிய மூடிகளைச் சுத்தியலால் தட்டிச் சப்பையாக்கினேன்,
இன்னொருத்தி பொறுக்கிப் போய்ப் பாவிக்காதபடி.

மேல்தட்டு ஒன்பதையும்
ஈரத்துணியால், பிறகு காய்ந்த துணியால் துடைத்தேன்.
அடுப்படி வெக்கை படாத, வெயில் எட்டாத
அறை மூலையில்
ஒன்றின் தலையில் ஒன்று ஏறாமல் வைத்தேன்.
கோட்டைவிட ஒரு முழம் உயரத்தில்.
திகதியைப் பென்சிலால் எழுதினேன். பென்சில் கரையாது.

பின்னேரம் கல்முனை பஸாரிலிருந்து
றம்ஸீன் காக்கா கோல் எடுத்தார்.
"எத்தின தேறும், தங்கச்சி?"
"ஒன்பது."
கொஞ்ச நேரம் இரைச்சல்.
"கடைக்குள்ளயும் இரண்டாம் றாக்கை மட்டும் தண்ணி" என்றார்.
"நானும் எண்ணிட்டுத்தான் இரிக்கன்."
பிறகு,
"அந்த ஒன்பதையும் அனுப்புங்க."

பின்னால் ஜீவகரன்
நேற்றைய ரொட்டியோடு
தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லாமல் இருந்தார்.

"எட்டு" என்றேன்.