அறுநூற்று நாற்பதுக்கு நானூற்று எண்பது

முதலில் ஒன்றுமே வரவில்லை.
கறுப்பு.
பிறகு மூலையில் தபால்தலை அளவுக்கு ஒரு கோட்டை.
அதன் கொடி
என் சுண்டுவிரல் நகத்தில் பாதி.

லியெபாயாவில் பிப்ரவரி.
துறைமுகத்தில் தானிய லாரிகளை எடைபோட்டுவிட்டு
எட்டு மணிக்கு வந்தவள்
பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.
புதுத் திரை, சுவரில் பாதி அகலம்,
மூன்று தவணை இன்னும் பாக்கி.
அதற்குப் பழைய விளையாட்டைக் கண்டால்
இளக்காரம்.

இழுத்துப் பெரிதாக்கினேன்.
வீரன் குட்டையாகிப்போனான்,
தோள் மட்டும் கதவு அகலம்.
நிலா முட்டையாகிவிட்டது.
சரி, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விடு,
நாலுக்கு மூன்று என்றால் நாலுக்கு மூன்றுதான்,
நிலாவுக்கு அதன் வட்டத்தைத் திருப்பிக் கொடு.
கொடுத்தேன்.

அடுத்து நிறங்களுக்குப் பேய் பிடித்தது.
இருநூற்று ஐம்பத்தாறு நிறம் மட்டுமே தெரிந்த விளையாட்டு,
நிறத்துக்கு ஒரு கிண்ணம், கிண்ணத்துக்கு ஓர் எண்.
இந்தக் காலத்துக் கணினி
கேட்காமல் கொள்ளாமல் அவற்றில் தன் சாயத்தை ஊற்றுகிறது.
குதிரை இளஞ்சிவப்பு.
காவலாளிகள் முகத்தில் பாசி.
முகப்புத் திரையையே கொன்றால் சரியாகுமாம்.
கொன்றேன்.
சின்னங்கள், கீழ்ப்பட்டை, கடிகாரம்,
பின்னணியில் தூங்கிக்கொண்டிருந்த என் பூனை
எல்லாம் அணைந்து
காலி செய்த வீடு மாதிரி கிடந்தது கணினி.
குதிரை பழுப்புக்கு வந்தது.
ஐந்து நிமிடம்.

கடைசியில் ஒரு சின்னக் கோப்பு.
யார் எழுதியதோ.
விளையாட்டின் பக்கத்தில் போட்டு வைத்தால்
பழசு கேட்பதைப் புதுசிடம் வாங்கித் தரும்,
முகம் பார்க்காத இருவருக்கு நடுவில் உட்கார்ந்து
உப்பை நகர்த்திவிடும் மூன்றாம் ஆள்போல.

இரவு ஒன்றேகால்.
கோட்டை. குதிரை. வட்ட நிலா.
பின்னால் கடல்.
கடல், நீலம்.

தப்பு என்றுதான் நினைத்தேன்.
மறுபடி அமைப்புகளைத் திறந்து
ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்த்தேன்.
இந்த விளையாட்டில் பனி மஞ்சள், கடல் கறுப்பு.
எனக்குத் தெரியாதா,
இரண்டு குளிர்காலம் இதன் முன்னால்தானே இருந்தேன்.

அப்புறம்தான் உறைத்தது.
சுங்க அலுவலகம் கழித்துப்போட்ட மானிட்டர் அது,
ஐவிஸ் சறுக்குவண்டியில் கட்டி இழுத்து வந்தது.
கேபிள் முனையில் ஓர் ஊசி வளைந்திருந்தது.
"பதினைந்தில் ஒன்றுதானே" என்று
முழங்காலை ஊன்றிச் சொருகினான் அண்ணன்.
அந்த ஒன்றில்தான் ஓடியிருக்கிறது
நீலம்.

ஏழாம் கட்டம். சுரங்க அறை.
நாலு சுவரும் கறுப்பு. வழியில்லை.
கட்டத்தாளில் வரைந்து வைத்துக் கல் கல்லாய்த் தட்டினோம்.
நீ தொட்டுக் கெடுத்தாய் என்றான்.
குறுந்தட்டைக் கீறியவன் நீ என்றேன்.
அன்று ஆரம்பித்தது.
பிறகு சண்டைக்கு வேறு சாமான்கள் கிடைத்தன:
அப்பாவின் படகு, அம்மா வீட்டுச் சாவி,
ஈமச் செலவில் யார் எவ்வளவு.
பதினோரு மாதமாய்ப் பேச்சில்லை.

அதே அறைக்கு இப்போது போனேன்.
கறுப்புச் சுவரில், கண் உயரத்தில்,
ஒரு நெம்புகோல்.
பள்ளிக்கூட மை நீலம்.
ஒளித்துக்கூட வைக்கவில்லை பாவிகள்.
பக்கத்தில் அம்புக்குறி வேறு,
அதுவும் நீலம்.

நான் போட்ட சத்தத்துக்கு
மேல்மாடிக்காரர் வெந்நீர்க் குழாயைத் தட்டினார்.

கைபேசியில் படம் எடுத்தேன்.
திரையின் வரிகள் குறுக்கே நெளிந்தன,
ஆனாலும் நீலம் தெரிந்தது.
ஒரு வார்த்தையும் சேர்க்காமல்
கார்க் நகரத்துக்கு அனுப்பினேன்,
அங்கே பதினொன்றேகால்,
கிடங்கிலிருந்து வந்திருப்பான்.

எழுதுகிறான்.
நின்றது.
எழுதுகிறான்.

"அந்த ஊசி."

கொஞ்சம் கழித்து,
"இழுத்துவிடாதே விஸ்மா. இரு.
கண்ணாடியை எடுத்துக்கொண்டு கூப்பிடுகிறேன்."

பூட்ஸைக் கழற்றினேன்.
தரையில் உருகிய பனி, தானியத் தவிடு.
நெம்புகோல் முன்னால் நின்ற வீரன்
கால் மாற்றிக்கொண்டான்,
கத்தியால் முதுகைச் சொறிந்தான்,
ஒரு கொட்டாவியும் விட்டான்.