விழுவதற்கு ஒரு மெட்டு

தலவாக்கலை பஸ் நிலையத்துக்கு மேலே
போன் திருத்தும் கடையின் பின்னறையில்
மூன்று நாளாய் விழுந்துகொண்டிருந்தேன்.

தொம்மினிக் மெட்டு மாற்ற மாற்ற
நான் விழ வேண்டும், அதுதான் ஒப்பந்தம்.
இடது காலில் எட்டாம் நம்பர் சப்பாத்து,
வலது காலில் பதினொன்று.
மூக்குக்குக் கிழிந்த மெத்தையில் வெட்டிய பஞ்சு,
சிவப்புச் சாயம் இன்னும் கையில் ஒட்டுகிறது.
வேலை நாளில் நான் கொழுந்து லொறியில் உதவியாள்;
அங்கே விழுந்தால் யாரும் சிரிப்பதில்லை.

பைலா போட்டான்.
கால் தானாக ஆடியது.
ஆடுகிற கால் தடுக்காது.
நிறுத்து என்றேன்.

சினிமாப் பாட்டு?
அதற்குப் பிள்ளைகள் என்னைவிட நன்றாக ஆடுவார்கள்.
நான் விழுந்து கிடந்தால்
இடைஞ்சல் என்று தாண்டிப் போவார்கள்.

பெரிய மெட்ச்சில் ஊதுகிற பேண்ட் வாத்தியம்.
யாரோ ஏற்கெனவே வென்றுவிட்ட சத்தம்.
வென்ற இடத்தில் கோமாளிக்கு என்ன வேலை?

ஒற்றை வயலின் வைத்தான்.
விழுந்தேன்.
ஓடிவந்து தூக்கினான்,
"அடி பட்டுருச்சா?" என்று கண் கலங்கி.
அழி அதை, சிப்பிலிருந்தே அழி.

மெட்டே வேண்டாம், சும்மா விழுகிறேன் என்றேன்.
கீழிருந்து கடைக்காரர் கத்தினார்:
"மேல யாருடா மூட்டை இறக்குறது?"

கடைசியில் தப்பு,
அவன் சித்தப்பா அடித்துப் பதிந்தது.
முதல் அடியில் முதுகு நிமிர்ந்தது.
இரண்டாம் அடியில் தோள் இறங்கியது.
மூன்றாவதில் எட்டும் பதினொன்றும் ஒன்றாய்ச் சேர்ந்து
யாரும் சொல்லாமலே
லயத்துக்குப் பின்னால் போகும்
புதைகுழிப் பாதையைப் பிடித்தன.
கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
தப்பில் குறையில்லை.
நம்மை முழுக்கத் தெரிந்தவர் முன்னால்
தடுக்கி விழுவதுதான் கஷ்டம்.

அப்போது கீழே வீதியில்
பாண் ஓட்டோ வந்தது.
அந்த மெட்டு ஏறும், தயங்கும், மறுபடி ஏறும்.
முடிய வேண்டிய இடத்தில் முடியத் தெரியாமல்
தலையைச் சொறிந்துகொண்டு
முதலிலிருந்து தொடங்கும்.
தொம்மினிக்கைத் திரும்பிப் பார்த்தேன்.
அவன் ஏற்கெனவே போனை
ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருந்தான்.

போயா லீவு. மேற்பிரிவுப் பிள்ளைக் காம்பரா.
தகரத்தில் மழை. நாற்பது பிள்ளைகள்.
அழுத்தினான்.
நுழைந்தேன், தயங்கினேன், தடுக்கினேன்.
பிறந்ததிலிருந்து அவ்வளவு அழகாய் விழுந்ததில்லை.
ஒருவரும் பார்க்கவில்லை.
நாற்பது தலையும் கதவுப் பக்கம்.

யதுர்ஷிகா மட்டும் எழுந்து வந்தாள்,
உள்ளங்கையில் இருபது ரூபாய்க் குத்தி.
"ஒரு பணிஸ்."

இருபதுக்கு இப்போது
பணிஸின் மேலே தூவிய சீனிகூட வராது.
பையைத் திறந்து காட்டினேன், காலி.
அவள் நீட்டிய கையை மடக்கவில்லை.
வேறு வழி தெரியாமல்
மூக்கைக் கழற்றிக் கொடுத்தேன்.

அமுக்கினாள். முகர்ந்தாள்.
எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்:
"மாமா, இது நேத்து சுட்டது."

சிரிப்பு முன்வரிசையில் பிடித்து
ஆயம்மாவின் இடுப்பிலிருந்த
பல் முளைக்காத பிள்ளைவரை போயிற்று.
ஸ்பீக்கரை நிறுத்தப் போன தொம்மினிக்
பதற்றத்தில் சத்தத்தைக் கூட்டிவிட்டான்.
நடுவில் நான் மூக்கில்லாமல்,
அந்தக் காசை எங்கே வைப்பதென்று தெரியாமல்.

இப்போதெல்லாம் ஜயசிரியின் ஓட்டோ
மேற்பிரிவு வளைவில் திரும்பியதும்
பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்களாம்.
அவர் வண்டியை ஓரமாய் நிறுத்தி,
பக்கக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி,
முகத்தில் என்ன ஒட்டியிருக்கிறதென்று
நன்றாகப் பார்த்துவிட்டுத்தான்
பாண் பெட்டியைத் திறக்கிறாராம்.