மூன்றரை நூல்

கோரிமேட்டில் என் ஷெட்டுத் தரை சமமில்லை.
கொத்தனாரிடம் ரசமட்ட டியூப் இரவல் வாங்கித்
தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன்:
வடமேற்கு மூலை ஒரு நூல் பள்ளம்.
யாரோ விட்டுப்போன பழைய நம்பர் பிளேட்டை
டயருக்கு அடியில் செருகினேன்.
அதற்கப்புறம்தான் வண்டியை அளக்கலாம்.

அறுபத்தெட்டாம் வருடத்து ஸ்பிட்ஃபயர்.
நம் ஊர் ஹெரால்டுக்குப் பங்காளி,
ஸ்பிரிங் மட்டும் ஒத்துப்போகாத பங்காளி.
ஏற்காட்டிலிருந்து ஜெசிந்தா டீச்சர் கொண்டுவந்து விட்டார்.
ஒவ்வொரு வேகத்தடையிலும் வயிறு உரசுகிறதாம்,
வலப்பக்க வளைவுகளில் ஒருமாதிரியும்
இடப்பக்க வளைவுகளில் வேறுமாதிரியும் போகிறதாம்.
இருபது கொண்டை ஊசிக்கும்
தனித்தனியாகப் புகார் வைத்திருந்தார்.

அச்சின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை
நான் டேப் பிடிக்க, சீரங்கன் சுவரில் எழுதினான்.
வலது, மூன்றரை நூல் தாழ்வு.
அடிபட்ட தடம் இல்லை. சேஸில் கோணல் இல்லை.
ஐம்பது வருடமாக
இதை ஓட்டியவர்கள் எல்லாரும்
தனியாகவே போயிருக்கிறார்கள்,
அவ்வளவுதான்.
இடது ஸ்பிரிங்
நேற்று பெட்டியிலிருந்து எடுத்தது மாதிரி நின்றது.

காலி வண்டிக்கு உயரம் வைப்பது வீண்.
உட்காரும் எடையோடு வைக்க வேண்டும்.
ஒரு பெண்ணிடம் எடை கேட்க
எனக்கு இருபத்தாறு வருட சர்வீஸ் போதவில்லை.
போனில் இருமினேன். அவரே புரிந்துகொண்டார்.
"அறுபத்திநாலு. ரவுண்டாக வேண்டாம், அறுபத்திநாலே போடுங்க."
"பக்கத்து சீட்டுக்கு?"
லைனில் காற்று மட்டும் கொஞ்சநேரம்.
"யாருமில்லை."

சேகோ ஆலையிலிருந்து ஜவ்வரிசி வந்தது.
அறுபத்திநாலு கிலோ நிறுத்து, ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்து,
சீரங்கன் அதற்கு சீட்டைச் சரிசெய்தான்.
இப்போது ஐந்து நூல்.
ஸ்பிரிங் தலையில் மூன்று நூல் ஏற்றினால்
சக்கரத்தில் அது ஐந்தாக விரியும்.
அம்மாப்பேட்டை லேத்தில் ரவூஃப்
அலுமினியத்தில் வளையம் கடைந்து தந்தான்.
சரியாக மூன்று. நகத்தில் வைத்தால் ஆடவில்லை.

மறுநாள் ஏழரைக்கு போன்.
குட்மார்னிங் இல்லை, ஒன்றுமில்லை.
"இடதுபக்கம் ஐம்பத்தெட்டு கிலோ வைங்க."

தொண்ணூறு கிலோ மூட்டை ஒன்றைப் பிரித்து
முப்பத்திரண்டு கிலோவை அள்ளி வெளியே எடுத்தேன்.
ஐம்பத்தெட்டு யார் என்று சீரங்கன் கேட்டான்.
ஸ்பேனரைக் கேட்டேன்.

இரண்டு மூட்டையும் உட்கார்ந்ததும்
பழைய மூன்றரையே திரும்பி வந்தது.
வளையத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடி அம்மாப்பேட்டை.
"குறைச்சுத் தரலாம் பாய்,
நேத்து குறைச்சலா கேட்டுட்டு இன்னைக்குக் கூட்டச் சொன்னா
நான் எங்க போவேன்," என்றான் ரவூஃப்.
சுருள் சுருளாக ஒரு நூல் உதிர்ந்தது.

புஷ் போல்ட்டுகளைக் கடைசியில்தான் முறுக்க வேண்டும்.
ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கிவிட்டால்
ரப்பர் அந்தத் தொங்கலையே பழக்கமாக்கிக்கொள்ளும்,
இறக்கிய பிறகு ஆயுளுக்கும் திருகியே கிடக்கும்.
இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி,
மட்கார்டை நாலு தடவை அமுக்கி விட்டு,
மூட்டைகள் உட்கார்ந்திருக்க, அடியில் படுத்து முறுக்கினேன்.
ஒரு ஓட்டை வழியாக ஜவ்வரிசி
மூக்கின்மேல் விழுந்துகொண்டே இருந்தது.

சனிக்கிழமை நாலு மணி.
டீக்கடை முன்னால் நிற்கிறேன்,
கன்னங்குறிச்சிப் பக்கமிருந்து அந்த சிவப்பு வருகிறது.
கூரை திறந்திருக்கிறது.
இரண்டு தலைகள். ஒன்றில் தொப்பி.
சீரங்கன் எட்டி எட்டி முகம் பார்க்கிறான்.
நான் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் பார்க்கிறேன்.
வலது, இரண்டு விரல்.
இடதைப் பார்ப்பதற்குள் வண்டி வேகத்தடை ஏறி,
சைலன்சர் மட்டும் லேசாக உரசி,
மலைப்பக்கம் போய்விட்டது.

அந்த உரசலுக்குத் திங்கட்கிழமை
அவர் போன் பண்ணுவார்.
முப்பத்திரண்டு கிலோ ஜவ்வரிசியும்
ஷெட்டில் அப்படியே இருக்கிறது.